கரு ஒட்டுவதற்கான புரோஜெஸ்டிரோன்: கேப்சூல், ஊசி, மாத்திரை ஆகியவற்றுள் எதை, எந்தச் சுழற்சியில் தேர்வது?

உடலுக்கு வெளியே கருவை உருவாக்கும் ஐ.வி.எஃப். சிகிச்சையில், அந்தக் கருவைக் கருப்பைக்குள் வைக்கும் நாளன்று தம்பதிக்குத் தரப்படும் மருந்துச் சீட்டில் புரோஜெஸ்டிரோன் என்ற ஹார்மோன் ஏதேனும் ஒரு வடிவத்தில் பெரும்பாலும் இருக்கும். ஒருவருக்கு யோனிக்குள் வைக்கும் கேப்சூல், இன்னொருவருக்கு இடுப்பில் போடும் எண்ணெய் ஊசி, மற்றொருவருக்கு மூன்று வேளையும் விழுங்கும் மாத்திரை என்று சீட்டுகள் மாறுபடுவதை, மருத்துவமனையில் காத்திருக்கும் பெண்கள் தமக்குள் ஒப்பிட்டுப் பார்க்கிறார்கள். தனக்கு எழுதப்பட்டது வலுக் குறைந்த மருந்தோ என்ற கவலை அங்கேதான் தொடங்குகிறது. அந்தக் கவலைக்கு நேர்மையான விடை உண்டு என்றே நான் கருதுகிறேன். ஆனால் அந்த விடை மருந்தின் பெயரைப் பொறுத்தது அல்ல. இந்த மாதத்தில் உங்கள் சினைப்பை தானே புரோஜெஸ்டிரோனைச் சுரக்கிறதா, இல்லையா என்பதைப் பொறுத்தது. இந்தக் கேள்வியைக் கேட்காமல் ஊசியையும் மாத்திரையையும் ஒப்பிடுவதில் பயன் இல்லை.

இயல்பான மாதத்தில், முட்டை வெளியேறிய பிறகு அது இருந்த நுண்ணறை சுருங்கி, கார்பஸ் லூட்டியம் எனப்படும் மஞ்சள் நிறத் திசுவாக மாறுகிறது. அதிலிருந்து வரும் புரோஜெஸ்டிரோன், ஈஸ்ட்ரோஜனால் ஏற்கெனவே தடித்திருக்கும் கருப்பையின் உட்சவ்வைக் கருவை ஏற்கும் நிலைக்குக் கொண்டுவருகிறது, கருப்பைத் தசையின் சுருக்கங்களையும் தணிக்கிறது. முட்டை வெளியேறிய ஏறக்குறைய 6 முதல் 10 நாட்களுக்குள் கரு ஒட்டிக்கொள்கிறது. அதன்பின் கருவிலிருந்து வரும் எச்.சி.ஜி. என்ற ஹார்மோன் அந்த மஞ்சள் திசுவைத் தொடர்ந்து வாழவைக்கிறது. ஏழு முதல் ஒன்பது வாரங்களுக்குள் நஞ்சுக்கொடி இந்தப் பொறுப்பைத் தானே எடுத்துக்கொள்கிறது. 1970களின் தொடக்கத்தில் சாப்போ என்ற ஆய்வாளரின் குழு காட்டியது இதைத்தான்: ஏழாவது வாரத்துக்கு முன் கார்பஸ் லூட்டியத்தை அகற்றினால் கர்ப்பம் கலைந்தது, அகற்றிய பின் புரோஜெஸ்டிரோன் கொடுத்தால் கர்ப்பம் நிலைத்தது.

ஐ.வி.எஃப்.பில் இந்த ஏற்பாடு குலைந்துபோகிறது. ஊசிகளால் ஒரே நேரத்தில் பல நுண்ணறைகள் வளர்க்கப்படுவதால் ஈஸ்ட்ரோஜனும் புரோஜெஸ்டிரோனும் இயல்பைக் காட்டிலும் பல மடங்கு உயர்கின்றன. அந்த உயர்வு பிட்யூட்டரி சுரப்பியை அடக்குவதால், கார்பஸ் லூட்டியத்தைத் தூண்டும் எல்.எச். ஹார்மோன் குறைந்து, கார்பஸ் லூட்டியம் விரைவிலேயே சோர்ந்துவிடுகிறது. இந்தச் சிக்கல் ஐ.வி.எஃப்.பின் தொடக்கக் காலத்திலேயே தெரிந்தது. இங்கிலாந்தில் எட்வர்ட்ஸும் ஸ்டெப்டோவும் ஹார்மோனால் தூண்டிய சுழற்சிகளில் தொடர்ந்து தோல்வி கண்ட பின்னரே தூண்டாத இயல்பான சுழற்சிக்குத் திரும்பினார்கள். 1978 ஜூலை 25 அன்று பிறந்த, உலகின் முதல் ஐ.வி.எஃப். குழந்தையான லூயிஸ் பிரவுன் அத்தகைய சுழற்சியின் குழந்தை. அதே ஆண்டு அக்டோபர் 3 அன்று கொல்கத்தாவில் பிறந்த துர்காவுக்காக மருத்துவர் சுபாஷ் முகர்ஜி வேறு வழியைத் தேர்ந்தார். தூண்டிய சுழற்சியில் கிடைத்த கருவை உறையவைத்து, பின்னொரு சுழற்சியில் கருப்பைக்குள் வைத்தார். இன்று நம் ஊர் மருத்துவமனைகளில் அன்றாடம் நடக்கும் உறைகரு மாற்றத்தின் அடிப்படைச் சிந்தனை அதில் இருந்தது. அவர் வாழ்ந்த காலத்தில் அதற்குரிய மதிப்பு அவருக்குக் கிடைக்கவில்லை என்பது இன்றும் வருத்தம் தருகிறது.

ஆகவே முதலில் பிரித்துப் பார்க்க வேண்டியவை சுழற்சிகள்தான். முட்டை எடுத்த அதே மாதத்தில் கருவை வைக்கும் ஃப்ரெஷ் மாற்றத்தில் கார்பஸ் லூட்டியம் உண்டு, ஆனால் அது பலவீனமானது. இயல்பான சுழற்சியில் செய்யும் உறைகரு மாற்றத்தில் நல்ல நிலையில் உள்ள ஒரு கார்பஸ் லூட்டியம் இருக்கிறது. ஈஸ்ட்ரோஜன் மாத்திரைகளால் உட்சவ்வைத் தயார்செய்யும் உறைகரு மாற்றத்தில் முட்டை வெளியேறுவதே இல்லை என்பதால் கார்பஸ் லூட்டியமும் இல்லை. உடலில் இருக்கும் புரோஜெஸ்டிரோன் முழுவதும் வெளியிலிருந்து கொடுத்ததுதான். ஃப்ரெஷ் மாற்றத்தில் மருந்து ஒரு துணை மட்டுமே. மூன்றாவது வகையில் எல்லாமே மருந்துதான். இரண்டுக்கும் ஒரே கேப்சூலை ஒரே நிம்மதியுடன் எழுதுவதில் எனக்கு உடன்பாடு இல்லை.

ஃப்ரெஷ் மாற்றத்தை முதலில் எடுத்துக்கொண்டால், ஆதாரங்கள் மனத்துக்கு ஆறுதல் தருகின்றன. 94 ஆய்வுகளையும் 26,198 பெண்களையும் உள்ளடக்கிய மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பின் 2015ஆம் ஆண்டுத் தொகுப்பாய்வின்படி, எதுவும் கொடுக்காததைவிடப் புரோஜெஸ்டிரோன் கொடுப்பது கர்ப்பம் நிலைக்கும் வாய்ப்பைக் கூட்டுகிறது. ஆனால் அதை எந்த வழியில் கொடுக்கிறோம் என்பதால் தெளிவான வேறுபாடு காணப்படவில்லை. வலுவான மருந்து எது என்ற போட்டிக்கு இங்கே இடம் இல்லை. எனவே எந்த வழியில் எடுத்துக்கொள்வது என்பதைப் பெண்ணின் வசதியும் வேலையும் உடல்நிலையும் செலவும் முடிவுசெய்யலாம், முடிவுசெய்ய வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

யோனி வழியே வைக்கும் மருந்துகள் கேப்சூல், மாத்திரை, 90 மி.கி. கொண்ட 8 சதவீத ஜெல் ஆகிய வடிவங்களில் உள்ளன. கேப்சூல்களில் 200 அல்லது 400 மி.கி. அளவை நாளுக்கு இரண்டு, மூன்று வேளை வைப்பது நம் நாட்டில் பரவலான வழக்கம். இந்த வழியில் மருந்து கல்லீரல் வழியே போகாமல் நேரடியாகக் கருப்பையைச் சென்றடைவதால், இரத்தத்தில் அளவு குறைவாக இருந்தாலும் உட்சவ்வில் அதிகமாகச் சேர்கிறது. வலியில்லை, பிறர் உதவியும் வேண்டாம். தொல்லை வேறு வகையில் வருகிறது: வெள்ளையான கசிவு, எரிச்சல், அரிப்பு, சில சமயம் கருப்பைவாய் உரசுவதால் சிறு இரத்தக்கறை. கசிவைக் கண்டதும் மருந்து முழுவதும் வெளியே வந்துவிட்டது என்று பதறி இன்னொரு கேப்சூலை வைப்பவர்கள் பலர். வெளியேறுவது பெரும்பாலும் மருந்தைத் தாங்கிவந்த எண்ணெயும் கேப்சூலின் எச்சமும்தான். வைத்த பின் அரை மணி நேரம் படுத்திருந்தால் அந்தப் பதற்றத்துக்கே தேவை இராது. கூட்டுக் குடும்பத்திலோ விடுதியிலோ, பகல் வேளைக் கேப்சூலை வைக்கத் தனி அறை கிடைக்காத அலுவலகத்திலோ இருக்கும் பெண்ணுக்கு மூன்று வேளை என்பது பெரிய சுமை. இதை மருத்துவரிடம் வெட்கப்படாமல் சொல்ல வேண்டும். இரண்டு வேளை அளவோ ஜெல்லோ மாத்திரையோ மாற்றாக இருக்க முடியும்.

விழுங்கும் மாத்திரையில் இரண்டு வெவ்வேறு பொருள்கள் ஒரே பெயரில் குழம்பிக்கொள்கின்றன. இயற்கைப் புரோஜெஸ்டிரோனை நுண்துகளாக்கி வாய்வழி கொடுத்தால் அதில் பெரும்பகுதியைக் கல்லீரல் சிதைத்துவிடுகிறது. அந்தச் சிதைவுப் பொருள்கள் மூளையில் செயல்படுவதால் தூக்கக் கலக்கமும் தலைசுற்றலும் வருகின்றன. கரு ஒட்டுதலுக்கு இதை மட்டும் நம்புவது சரியன்று. டைட்ரோஜெஸ்டிரோன், அதாவது டுஃபாஸ்டன் என்ற பெயரில் பெரும்பாலோர் அறிந்த மாத்திரை, வேறு பொருள். புரோஜெஸ்டிரோனின் மூலக்கூறு அமைப்பைச் சற்றே மாற்றி உருவாக்கப்பட்ட அது வாய்வழியிலேயே நன்றாகச் செயல்படுகிறது. நாளுக்கு மூன்று முறை 10 மி.கி. டைட்ரோஜெஸ்டிரோனை யோனி வழிப் புரோஜெஸ்டிரோனுடன் நேருக்கு நேர் ஒப்பிட்ட இரண்டு பெரிய ஆய்வுகள் இருக்கின்றன. லோட்டஸ் என்ற பெயர்கொண்ட இவற்றுள் 2017இல் வெளியான முதல் ஆய்வில், 12ஆவது வாரத்தில் கர்ப்பம் நிலைத்திருந்தவர்கள் டைட்ரோஜெஸ்டிரோன் குழுவில் 37.6 சதவீதம், 600 மி.கி. கேப்சூல் குழுவில் 33.1 சதவீதம். ஜெல்லுடன் ஒப்பிட்ட 2018ஆம் ஆண்டின் இரண்டாவது ஆய்வில் இந்த எண்கள் 38.7, 35.0 சதவீதம். இவற்றை வைத்து மாத்திரைதான் மேல் என்று சொல்லிவிட முடியாது. மாத்திரை எவ்விதத்திலும் தாழ்ந்ததன்று என்று சொல்லலாம். இரண்டு ஆய்வுகளும் ஃப்ரெஷ் மாற்றத்தில் நடந்தவை என்பதை மட்டும் மறக்கக் கூடாது.

டைட்ரோஜெஸ்டிரோனின் பாதுகாப்பு பற்றிய கேள்வியை மறைக்காமல் பேசுவதே நல்லது. 1960களிலிருந்து அது உலகெங்கும் பயன்பாட்டில் இருக்கிறது. லோட்டஸ் ஆய்வுகளில் பிறந்த குழந்தைகளின் நலனில் இரு குழுக்களுக்கும் இடையே கவலைக்குரிய வேறுபாடு தெரியவில்லை. மறுபுறம், கர்ப்பத் தொடக்கத்தில் இம்மாத்திரையை எடுத்துக்கொள்வதற்கும் குழந்தையின் இதயக் குறைபாடுகளுக்கும் தொடர்பு இருக்கக்கூடும் என்று பின்னோக்கிப் பார்த்த சில ஆய்வுகள் எழுப்பிய ஐயம் முழுவதுமாகத் தீரவில்லை. அத்தகைய ஆய்வுகளால் காரணத்தை நிறுவ முடியாது என்றாலும், தாயின் இரத்தத்தில் இயல்பாகவே உள்ள ஹார்மோனைத் தரும் கேப்சூலைத் தேர்ந்து மன நிம்மதி பெற விரும்பும் தம்பதியின் விருப்பத்தைக் குறைத்து மதிப்பிட எந்தக் காரணமும் இல்லை.

ஊசிகளிலும் இரு வகை உண்டு. எண்ணெயில் கரைத்த புரோஜெஸ்டிரோனை நாளுக்கு 50 அல்லது 100 மி.கி. என்ற அளவில் இடுப்பின் மேற்புற வெளிப்பகுதித் தசையில் ஆழமாகப் போடுவது பழைய முறை. இரத்தத்தில் அளவை உறுதியாக உயர்த்துவது இதன் பலம். ஆனால் வாரக் கணக்கில் தினமும் போடும்போது இடம் கட்டிப்போகிறது, வீங்குகிறது, சிலருக்குச் சீழ்க்கட்டியும் வருகிறது. உட்கார முடியாத வலியோடு வேலைக்குப் போகும் பெண்களின் துன்பம் சிறியதன்று. ஊசிமருந்தின் அடிப்படை எள், நிலக்கடலை போன்ற எண்ணெய்களில் ஒன்றாக இருக்கக்கூடும் என்பதால், அவற்றுக்கு ஒவ்வாமை உள்ளவர்கள் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். தினமும் ஊசி போட ஆள் தேவை என்பதும் ஒரு பெரிய தடை; செவிலியர் வீட்டருகே இல்லாத கிராமத்திலிருந்து இருசக்கர வாகனத்தில் நாள்தோறும் போய்வருவதைவிட, கணவரோ அம்மாவோ மருத்துவமனையிலேயே முறையாகக் கற்றுக்கொள்வது நல்லது. இரண்டாவது வகை நீரில் கரையும் 25 மி.கி. ஊசி. இன்சுலின் போலத் தோலுக்கடியில் மெல்லிய ஊசியால் தானே போட்டுக்கொள்ளலாம். 2014இல் வெளியான இரண்டு ஆய்வுகள் ஃப்ரெஷ் மாற்றத்தில் இது யோனி வழி மருந்துக்கு ஈடாக இருப்பதைக் காட்டின. விலை கூடுதல் என்பதே இதன் குறை.

உறைகரு மாற்றத்துக்கு வரும்போது, குறிப்பாக ஈஸ்ட்ரோஜன் மாத்திரைகளால் தயார்செய்யும் சுழற்சியில், மேலே சொன்ன ஆறுதல் அப்படியே பொருந்தாது. அமெரிக்காவில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட உறைகரு மாற்றங்களை வைத்து நடந்து 2021இல் வெளியான ஆய்வு ஒன்றில் பெண்கள் மூன்று குழுக்களாகப் பிரிக்கப்பட்டனர். தினமும் 50 மி.கி. எண்ணெய் ஊசி பெற்றவர்களில் 44 சதவீத மாற்றங்களும், யோனி வழி மருந்துடன் மூன்று நாளுக்கு ஒருமுறை ஊசியும் பெற்றவர்களில் 46 சதவீத மாற்றங்களும் உயிருள்ள குழந்தைப் பிறப்பில் முடிந்தன. யோனி வழி மருந்தை மட்டும் பெற்றவர்களில் அது 27 சதவீதம்தான். கர்ப்பம் தொடங்கிய பிறகு கலைந்ததே இந்த வேறுபாட்டுக்கு முக்கியக் காரணம். இடைக்கால முடிவுகளைக் கண்டதும் யோனி வழிக் குழுவில் புதியவர்களைச் சேர்ப்பதை ஆய்வாளர்கள் நிறுத்திவிட்டார்கள். அந்த ஆய்வில் கொடுத்த யோனி வழி அளவு 200 மி.கி. வீதம் நாளுக்கு இருமுறை; இங்கே பலருக்கு எழுதப்படும் 400 மி.கி. இருமுறை என்பது அதைவிட இருமடங்கு என்பதால், 27 என்ற எண்ணை அப்படியே நம் நாட்டுக்குக் கொண்டுவரக் கூடாது. எனினும், 400 மி.கி. வீதம் இருமுறை பெற்ற பெண்களை ஸ்பெயினில் ஆராய்ந்த லபார்த்தா என்ற ஆய்வாளரின் குழுவும், மாற்றம் நடக்கும் நாளில் இரத்தப் புரோஜெஸ்டிரோன் மில்லிலிட்டருக்கு 8.8 நானோகிராமுக்குக் கீழே இருந்தவர்களுக்குக் கர்ப்பம் நிலைக்கும் வாய்ப்பு குறைவதைக் கண்டது. ஒரே கேப்சூலை ஒரே அளவில் வைக்கும் இரண்டு பெண்களில் ஒருவருக்கு அது போதுமானதாகவும் மற்றவருக்குப் போதாததாகவும் இருக்கிறது என்பதே இதன் பொருள்.

ஆகவே இத்தகைய சுழற்சியில் இரண்டு வழிகளை நியாயமானவை என்று சொல்லலாம். தொடக்கத்திலிருந்தே கேப்சூலோடு எண்ணெய் ஊசியையோ தோலடி ஊசியையோ சேர்ப்பது ஒன்று. கேப்சூலில் தொடங்கி, மாற்றத்துக்கு முந்தைய நாளோ அதே நாளோ இரத்தப் பரிசோதனை செய்து, அளவு குறைவாக இருப்பவர்களுக்கு மட்டும் கூடுதலாகச் சேர்ப்பது மற்றொன்று. எல்லாருக்கும் வலியைத் தராமல் தேவைப்படுவோருக்கு மட்டும் தருவதால் எனக்கு இரண்டாவது வழி பிடிக்கிறது. ஆனால் அன்றே முடிவு தரும் ஆய்வகம் இருந்தால்தான் அதில் பயன் உண்டு. வியட்நாமின் ஹோ சி மின் நகரில் நடந்து 2021இல் வெளியான ஆய்வில், கேப்சூலோடு டைட்ரோஜெஸ்டிரோன் மாத்திரையைச் சேர்த்தவர்களுக்குக் கருக்கலைவு குறைந்தது. ஊசியே வேண்டாம் என்போருக்கு அது நம்பிக்கை தருகிறது என்றாலும், அது சீட்டுக் குலுக்கிப் பிரித்த ஆய்வன்று. இங்கே ஓர் எச்சரிக்கை தேவை: டைட்ரோஜெஸ்டிரோன் இரத்தப் புரோஜெஸ்டிரோன் பரிசோதனையில் தெரியாது. அம்மாத்திரையை மட்டும் எடுக்கும் பெண்ணின் அறிக்கையில் எண் மிகக் குறைவாக இருப்பதைக் கண்டு குடும்பமே கலங்குவது தவிர்க்கக்கூடிய துயரம்.

எந்த மருந்து என்ற கேள்விக்கும் முன்னால், பலரிடம் கேட்கப்படாமலேயே போகும் கேள்வி ஒன்று உண்டு: மாதவிடாய் ஒழுங்காக வரும் பெண்ணுக்கு ஈஸ்ட்ரோஜன் மாத்திரைச் சுழற்சி எதற்காக? மருத்துவமனையின் பார்வையில் அது வசதியானது. நாளை முன்கூட்டியே குறிக்கலாம், ஸ்கேன்கள் குறைவு, வெளியூரிலிருந்து வருபவர்களுக்குப் பயணமும் குறைவு. கர்ப்பம் உண்டாகும் வாய்ப்பிலும் இரு முறைகளுக்கும் பெரிய இடைவெளி இல்லை என்பதே இதுவரையிலான பொதுவான படிப்பினை. ஆனால் ஸ்வீடனிலும் அமெரிக்காவிலும் 2019இல் வெளியான ஆய்வுகள், கார்பஸ் லூட்டியம் இல்லாத சுழற்சியில் கருவுற்ற தாய்மார்களுக்குக் கர்ப்பகால இரத்த அழுத்தமும் அதன் தீவிர வடிவமான பிரீ எக்லாம்ப்சியாவும் கூடுதலாக வருவதைக் காட்டின. கார்பஸ் லூட்டியம் புரோஜெஸ்டிரோனை மட்டும் சுரப்பதில்லை. தாயின் இரத்தக் குழாய்களைக் கர்ப்பத்துக்கு ஏற்பத் தளர்த்தும் ரிலாக்ஸின் முதலியவற்றையும் சுரக்கிறது, அவற்றை எந்தக் கேப்சூலும் ஈடுசெய்வதில்லை. முறையாக முட்டை வெளியேறும் பெண்களுக்கு இயல்பான சுழற்சியை முதல் தேர்வாக முன்வைக்க வேண்டும் என்று நான் வலியுறுத்துவது இதனால்தான். பி.சி.ஓ.எஸ். எனப்படும் சினைப்பை நீர்க்கட்டிப் பிரச்சினை காரணமாக முட்டை தானாக வெளியேறாதவர்களுக்கு லெட்ரோசோல் மாத்திரையால் ஒரு நுண்ணறையை வளர்த்து அதே பயனைப் பெற முயலலாம். குழந்தையின்மைக்கு அம்மருந்தைப் பயன்படுத்துவதை இந்தியா 2011இல் தடைசெய்து, பிறகு 2017இல் தடையை நீக்கியது. தடை நீங்கியது தெரியாமல் இன்றும் தயங்குபவர்கள் இருக்கிறார்கள். சினைப்பை செயலிழந்தவர்களுக்கும், தானமாகப் பெற்ற முட்டையில் கருவுற முயலும் மூத்த பெண்களில் பலருக்கும் மாத்திரைச் சுழற்சியைத் தவிர வழியில்லை. அவர்கள் இதைப் படித்து அஞ்ச வேண்டியதில்லை. கர்ப்ப காலத்தில் இரத்த அழுத்தத்தைத் தவறாமல் பார்த்துக்கொள்வதும், மருத்துவர் பரிந்துரைத்தால் குறைந்த அளவு ஆஸ்பிரின் எடுத்துக்கொள்வதும் அவர்களுக்கான நடைமுறைப் பாதுகாப்பு.

புரோஜெஸ்டிரோனோடு சேர்த்து எழுதப்படும் மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். ஃப்ரெஷ் மாற்றத்தில் ஈஸ்ட்ரோஜன் மாத்திரை சேர்ப்பதால் பயன் இருப்பதாக நிறுவப்படவில்லை. எச்.சி.ஜி. ஊசியைத் திரும்பப் போடுவது கார்பஸ் லூட்டியத்தைத் தூண்டும், ஆனால் சினைப்பை மிகையாகத் தூண்டப்பட்டு வயிற்றில் நீர் கோக்கும் ஆபத்தையும் கூட்டும். நிறைய முட்டைகள் கிடைத்த பெண்ணுக்கு அதை விலக்குவதே அறிவுடைமை. ஐரோப்பிய மனித இனப்பெருக்கவியல் சங்கம் 2019இல் வகுத்த வழிகாட்டுதலும் புரோஜெஸ்டிரோனையே முதன்மையாகப் பரிந்துரைத்து, முட்டை எடுத்த நாளின் மாலையிலிருந்து மூன்றாம் நாளுக்குள் அதைத் தொடங்கச் சொல்கிறது.

எப்போது நிறுத்துவது என்பதும் சுழற்சியைப் பொறுத்ததே. ஃப்ரெஷ் மாற்றத்தில் கர்ப்பப் பரிசோதனை வரையிலாவது தொடர வேண்டும். கர்ப்பம் உறுதியான பின் உடலின் சொந்தச் சுரப்பு வலுப்பெற்றுவிடுவதால், மூன்று மாதம் முழுவதும் ஊசி போட்டுக்கொண்டே இருக்க வேண்டிய தேவை பெரும்பாலோருக்கு இல்லை. இதை மருத்துவரிடம் கேட்டால் வீண் வலியும் செலவும் குறையும். ஈஸ்ட்ரோஜன் மாத்திரைச் சுழற்சியில் நிலைமை நேர்மாறானது: நஞ்சுக்கொடி பொறுப்பேற்கும்வரை கர்ப்பத்தைத் தாங்குவது மருந்து மட்டுமே என்பதால், பத்து முதல் பன்னிரண்டு வாரங்கள்வரை ஒரு வேளையும் விடாமல் தொடர வேண்டும். இரத்தக்கறையைக் கண்டதும் எல்லாம் முடிந்துவிட்டது என்று எண்ணித் தாமாகவே கேப்சூலை நிறுத்துவது இந்தச் சுழற்சியில் மிக ஆபத்தானது. கறை கருப்பைவாய் உரசலால் மட்டும்கூட வந்திருக்கலாம். கர்ப்பத்தை உறுதிசெய்யும் பீட்டா எச்.சி.ஜி. இரத்தப் பரிசோதனையின் முடிவு வந்து, மருத்துவர் நேரடியாகச் சொல்லும்வரை மருந்து தொடர வேண்டும். வெளியூர்ப் பயணமோ திருவிழா விடுமுறையோ வருமானால், எல்லாக் கடைகளிலும் கிடைக்காத தோலடி ஊசியையும் ஜெல்லையும் ஒரு வாரத்துக்குக் கூடுதலாக வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும்.